மைதானத்தின் வாசலும் கல்வியின் வாசலும்

பல்கலைக்கழகமொன்றில் ஒருவர் எத்தகுதி பற்றி அனுமதிக்கப்படுகிறார் என்னும் வினா, அப்பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறது என்னும் வினாவின் மறுவடிவமேயாகும். 1970களில் எழுந்த தரப்படுத்தற் சர்ச்சையின் வடுக்களை இன்றும் சுமந்து நிற்கும் நம் சமூகத்துக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும், நம்மிடையே அவ்வப்போது ஒலிக்கும் கோரிக்கையொன்று இவ்வினாவை மீண்டும் எழுப்புகின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உயர்நிலைப் பாடசாலைகளிலுள்ள சிறந்த விளையாட்டு வீரரைத் தேடிச் சென்று, புலமைப்பரிசில் கொடுத்து அழைத்துக்கொள்வது போல நமது பல்கலைக்கழகங்களும் செய்தல் வேண்டும் என்பதே அக்கோரிக்கை. இவ்வாறு கூறுவோர் நல்லெண்ணம் உடையவர்கள், விளையாட்டை நேசிப்பவர்கள். அவர்களது எண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அவர்கள் எடுத்துக்காட்டும் முன்மாதிரியையே ஐயுறுகின்றோம்.

அவர்கள் வழக்கமாகச் சுட்டும் பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவனாக 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற் பங்குபற்றி, 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கையின் முதலாவது ஆசியத் தங்கப்பதக்கத்தை வென்றவர் அவர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திற் கற்று அதன் அணிக்காகவும் பாய்ந்தார். பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். “பாருங்கள், அமெரிக்கா எவ்வாறு ஒரு வீரனை அறிஞனாக்கியது!” என்பது இவர்களது வாதம். இவ்வாதத்துக்கு இறுதியில் விடை கூறுவோம். அதற்குமுன் அமெரிக்க முறை யாது என்பதை உள்ளவாறு நோக்குதல் வேண்டும்.

ஆட்சேர்ப்பு நிகழும் முறை

‘அனுமதி’, ‘ஆட்சேர்ப்பு’ என்பன இருவேறு செயல்கள். அனுமதியில் மாணவன் விண்ணப்பிக்கின்றான், கற்பிப்போர் தீர்மானிக்கின்றனர். ஆட்சேர்ப்பிலோ பயிற்றுநர் தமக்கு வேண்டிய உடலைத் தேடுகின்றார். கற்பிப்போர் பெரும்பாலும் உடன்படுகின்றனர். அமெரிக்கச் சொல் வழக்கிலும் படைக்கு ஆள் திரட்டுதற்குரிய சொல்லே இதற்கும் வழங்குகின்றமை தற்செயலன்று.

அங்கு, கல்லூரி அணியொன்றில் இடம்பெற விரும்பும் சிறுவனோ சிறுமியோ ஒன்பதாந் தரத்திலேயே ஆயத்தமாக வேண்டும். என்.சி.ஏ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதற்பிரிவில் ஆடுவதற்கு, உயர்நிலைப் பாடசாலையில் 16 அடிப்படைப் பாடநெறிகளை முடித்து, அவற்றிற் குறைந்தபட்சம் 2.3 சராசரிப் புள்ளி பெற்றிருத்தல் அவசியம். பொதுப் பரீட்சைப் புள்ளி வேண்டும் என்ற விதி 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. பாடசாலை அணியில் ஆடினாற் போதாது. பயிற்றுநர்களின் கண்ணிற் படும் பொருட்டுத் தனியார் கழக அணிகளிற் சேர்ந்து மாநிலம் விட்டு மாநிலம் சென்று ஆட வேண்டும். தன் ஆட்டத்தின் சிறந்த கணங்களைத் தொகுத்த ஒளிப்பதிவைப் பல பயிற்றுநர்களுக்கு அனுப்ப வேண்டும். பல்கலைக்கழகங்கள் கோடையில் நடத்தும் பயிற்சி முகாம்களுக்குக் கட்டணம் செலுத்திச் செல்ல வேண்டும். பெரும்பாலான விளையாட்டுக்களில், பத்தாந் தரத்தை முடித்த ஆண்டின் ஜூன் 15 வரை பயிற்றுநர் அம்மாணவருடன் நேரடியாக ஆட்சேர்ப்புப் பற்றிப் பேசுதல் ஆகாது. அதன்பின் தொலைபேசி அழைப்பும், வளாகத்துக்கான வரவேற்புப் பயணமும், வாய்மொழி வாக்குறுதியும் தொடரும். அவ்வாய்மொழி வாக்குறுதி எவரையும் கட்டுப்படுத்தாது. கையொப்பமிட்ட பத்திரமே கட்டுப்படுத்தும்.

இவ்வழியில் எத்தனைபேர் நடந்து முடிக்கின்றனர்? உயர்நிலைப் பாடசாலை விளையாட்டுக்களிற் பங்குபற்றுவோர் தொகை ஏறத்தாழ 8 மில்லியன். என்.சி.ஏ.ஏ. அணிகளில் ஆடுவோர் 5 இலட்சத்துக்குச் சற்று அதிகம். நூற்றுக்கு ஏழு பேரளவில் கல்லூரி அணியை அடைகின்றனர். ஏதேனுமோர் அளவில் விளையாட்டுப் புலமைப்பரிசில் பெறுவோர் நூற்றுக்கு இருவரளவினரே. ‘ஏதேனுமோர் அளவில்’ என்பதை அழுத்திக் கூறுகின்றோம். 2025 வரை நடைமுறையிலிருந்த விதியின்படி முதற்பிரிவு ஆண்கள் மெய்வல்லுநர் அணியொன்றுக்குரிய முழுப் புலமைப்பரிசில்கள் 12.6. ஓட்டம், பாய்ச்சல், எறிதல், நெடுந்தூரம் என அத்தனை பேருக்கும் அந்தப் பன்னிரண்டரையே பங்கிடப்பட்டது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் வழங்குவதேயில்லை. இந்த நூற்றுக்கிரண்டு என்னும் நம்பிக்கையை விற்றே கழகங்களும் முகாம்களும் ஆட்சேர்ப்பு ஆலோசகர்களும் பெருந்தொழிலொன்றை வளர்த்துள்ளனர்.

தொடக்கத்திலேயே வாணிபம்

இது தூயதாகத் தொடங்கிப் பின்னர் கெட்ட மரபு என்று சிலர் கருதுகின்றனர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. அமெரிக்காவின் முதலாவது கல்லூரிகளுக்கிடையிலான போட்டி 1852இல் ஹார்வர்ட், யேல் கல்லூரிகளுக்கிடையே நடந்த படகோட்டப் போட்டியாகும். அதற்குப் பணம் கொடுத்தது ஒரு புகையிரதக் கம்பனி. பயணிகளைத் தன் பாதைக்கு இழுப்பதே அதன் நோக்கம்.

உதைபந்தாட்டம் என்ற பெயரில் அங்கு ஆடப்படும் முரட்டு விளையாட்டிற் பல இளைஞர் உயிரிழந்தமையால் 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை அழைத்துப் பேச நேர்ந்தது. அதன் விளைவாக 1906இல் உருவான அமைப்பே பின்னர் என்.சி.ஏ.ஏ. ஆயிற்று. 1929இல் கார்னெகி மன்றம் தன் நெடிய அறிக்கையை வெளியிட்டபோது, ஆராயப்பட்ட 112 நிறுவனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கானவை பணமாகவோ போலி வேலைகளாகவோ சலுகைகள் கொடுத்து வீரரைச் சேர்த்திருந்தமை வெளிப்பட்டது. அறிக்கை வெளிவந்தது, ஆட்சேர்ப்பு நிற்கவில்லை. 1956இல், விளையாட்டுத் திறமை ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு புலமைப்பரிசில் வழங்குவதைச் சங்கமே அங்கீகரித்தது. தடுக்க முடியாததைச் சட்டமாக்கியமையே அச்சீர்திருத்தத்தின் சாரம்.

அடுத்து நிகழ்ந்தது நமது துறையாகிய சொல்லாராய்ச்சிக்குரியது. 1955இல் கொலராடோ மாநிலக் கல்லூரியொன்றின் வீரர் ஒருவர் ஆட்டத்தின்போது தலையிற் காயமுற்று இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் நட்டஈடு கோரினார். 1957இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. அக்காலத்தில் என்.சி.ஏ.ஏ. நிருவாகிகள் கண்டெடுத்து, கல்லூரிகளின் வாயிற் புகுத்திய சொல்லே ‘மாணவ-விளையாட்டாளர்’ என்பது. வீரர் ஊழியர் எனக் கருதப்படலாம் என்ற அச்சத்தினாலேயே அச்சொல் ஆக்கப்பட்டதென 1951 முதல் 1987 வரை அச்சங்கத்தின் நிருவாகத் தலைவராயிருந்த வோல்டர் பையர்ஸ் 1995இல் வெளியிட்ட தம் நூலில் ஒப்புக்கொண்டுள்ளார். ‘மாணவன்’ என்ற அடைமொழி கல்விக்காகச் சேர்க்கப்படவில்லை. நட்டஈட்டைத் தவிர்ப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. 1973இல் நான்காண்டுப் புலமைப்பரிசில் ஓராண்டுப் புலமைப்பரிசிலாகச் சுருக்கப்பட்டது. காயமுற்றவனையும் ஆட்டத்திற் பின்தங்கியவனையும் ஆண்டு முடிவிற் கைவிடும் வசதி அதனாற் பயிற்றுநருக்குக் கிட்டிற்று. பல்லாண்டுப் புலமைப்பரிசில் மீண்டும் அனுமதிக்கப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் சென்றன.

ஏழைக்குத் திறக்கும் வாசலா?

இம்முறையை ஆதரிப்போரின் வலிமை மிக்க வாதம், ‘ஏழைக்குப் பல்கலைக்கழக வாசலைத் திறக்கின்றது’ என்பதாகும். இதனை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. ஆனால் எந்த ஏழைக்கு, எந்த வாசல், திறந்தபின் உள்ளே என்ன இருந்தது என்பவற்றையும் கேட்க வேண்டும்.

முதலில் உயர்குடி வாசலைப் பார்ப்போம். ஹார்வர்ட் முதலிய ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை. ஆனால் பயிற்றுநர் சுட்டும் வீரருக்கு அனுமதியில் முன்னுரிமை அளிக்கின்றன. ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில் வெளிவந்த தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர், அவ்வாறு ஆட்சேர்க்கப்பட்ட வீரருள் நூற்றுக்கு 86 பேர் அனுமதி பெற்றதாகக் காட்டினர். ஏனைய விண்ணப்பதாரருள் அனுமதி பெற்றோர் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. படகோட்டம், வாள்வீச்சு, ஸ்குவாஷ், பாய்மரப் படகு ஆகிய விளையாட்டுக்களுக்கான கருவியும் களமும் எந்த ஏழையின் முற்றத்தில் இருக்கின்றன? இவ்வாசல் செல்வர்க்குச் செல்வர் திறந்து வைத்த வாசல். 2019 மார்ச்சில் வெளிப்பட்ட ஊழல் இதனை நாடறியச் செய்தது. ரிக் சிங்கர் என்னும் அனுமதி ஆலோசகர், செல்வந்தப் பெற்றோரிடம் பெற்ற பணத்தைக் கொண்டு பயிற்றுநர்களுக்குக் கையூட்டளித்து, ஆடியே அறியாத பிள்ளைகளைப் படகோட்டிகளாகவும் நீர்ப்பந்தாட்ட வீரராகவும் போலிப் படங்களுடன் பதிவு செய்வித்தார். ‘பக்கவாசல்’ என்றே அவர் அதற்குப் பெயரிட்டிருந்தார். 2023இல் அவருக்கு மூன்றரையாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது யாதெனின், அவர் புதியதொரு வாசலை உடைக்கவில்லை. பயிற்றுநரின் சொல் கற்பிப்போரின் சொல்லை மீறி நின்ற இடத்தை அவர் விலைபேசினார், அவ்வளவே.

இனி உண்மையான ஏழையின் வாசலைப் பார்ப்போம். பெரும்பணம் ஈட்டும் உதைபந்தாட்டத்திலும் கூடைப்பந்தாட்டத்திலும் வறிய கறுப்பின இளைஞர் பெருமளவிற் சேர்க்கப்படுகின்றனர் என்பது மெய். அவர்களுள் ஒருவர் கெவின் ரொஸ். 1978இல் கான்சாஸ் மாநிலத்திலிருந்து கிரைட்டன் பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்தாட்டத்துக்காகச் சேர்த்தது. நீதிமன்றப் பதிவுகளின்படி, மட்பாண்டக் கலை, துப்பாக்கிச் சுடுதல் போன்ற பாடங்களை எடுக்குமாறு அவர் வழிப்படுத்தப்பட்டார். 1982இல் அவர் பட்டமின்றி வெளியேறியபோது அவரது மொழித்திறன் நாலாம் வகுப்பு மாணவனுக்கும், வாசிப்புத்திறன் ஏழாம் வகுப்பு மாணவனுக்கும் ஒப்பானதாயிருந்தது. பின்னர் சிக்காகோவிற் சிறுவர் பாடசாலையொன்றிற் பிள்ளைகளோடு அமர்ந்து அவர் எழுத்துப் படித்தார். நாலாண்டுகள் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரை மார்பில் அணிந்து ஆடிய மனிதர் அவர். அவர் தொடுத்த வழக்கில் 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், கற்பித்தல் தரக்குறைவு என்பதற்காக வழக்கிட முடியாதெனத் தீர்த்து, ஒப்பந்த மீறல் என்ற ஒடுங்கிய வழியை மட்டும் திறந்துவிட்டது.

இது ஒரு சிறு பல்கலைக்கழகத்தின் பழங்கதை என்று ஒதுக்குவோர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தை நோக்குக. அமெரிக்காவின் முதன்மையான அரச பல்கலைக்கழகங்களுள் ஒன்றான அங்கு, 18 ஆண்டுகளாக 3,100க்கு மேற்பட்ட மாணவர் ஒருபோதும் நடைபெறாத வகுப்புக்களிற் பதிவு செய்யப்பட்டு, ஒரேயொரு கட்டுரைக்கு உயர்புள்ளி பெற்றனர் என 2014இல் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் விளையாட்டு வீரர். 2017இல் என்.சி.ஏ.ஏ. எத்தண்டனையும் விதிக்கவில்லை. காரணம், அவ்வகுப்புக்களின் பயனை ஏனைய மாணவரும் பெற்றனராம்! போலிக்கல்வி எல்லோருக்கும் பொதுவாயின் அது குற்றமாகாது என்பதே இத்தீர்ப்பின் பொருள்.

ஆகவே, வாசல் திறந்தது உண்மை. அது மைதானத்தின் வாசல், வகுப்பறையின் வாசலன்று. ஏழை மாணவன் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணர்ந்தபோது காலம் கடந்திருந்தது.

ஊதியம் வந்தபின்

இதற்கு மறுமொழியாக, ‘அநீதி நீங்கிவிட்டது, இப்பொழுது வீரர் ஊதியம் பெறுகின்றனர்’ என்று கூறப்படலாம். 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்த வரையறைகளை ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து நிராகரித்தது. அடுத்த மாதமே வீரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற அனுமதிக்கப்பட்டனர். 2025 ஜூனில் அங்கீகரிக்கப்பட்ட வழக்கிணக்கத்தின்படி, முன்னைய வீரருக்கு ஏறத்தாழ 2.8 பில்லியன் டொலர் வழங்கப்படுவதுடன், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26இல் 20.5 மில்லியன் டொலர் வரை தன் வீரருக்குப் பகிர்ந்தளிக்கலாம்.

உழைத்தவன் ஊதியம் பெறுவதை நாம் வரவேற்கின்றோம். பயிற்றுநர் பல மாநிலங்களில் அரச ஊழியருள் மிகவுயர்ந்த சம்பளம் பெறுபவராயிருக்க, ஆடியவன் மட்டும் ‘மாணவன்’ என்ற பட்டத்தோடு வெறுங்கையனாய் நிற்கவேண்டும் என்பது எவ்வகை அறம்? ஆனால் ஊதியம் ஒரு பொய்யை நீக்கியதேயன்றி ஓர் உண்மையை நிலைநாட்டவில்லை. அறுபதாண்டுகளுக்கு மேலாக மறுக்கப்பட்டு வந்தது இன்று ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது: இது தொழில், இவன் தொழிலாளி, இது சந்தை. அவ்வாறாயின் இதனைப் பல்கலைக்கழகம் நடத்துவதற்குக் கல்வி சார்ந்த நியாயம் யாது? சந்தையின் விதியும் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. வீரர் ஒரு பல்கலைக்கழகத்தினின்று இன்னொன்றுக்குத் தடையின்றி மாற அனுமதிக்கப்பட்டபின், பாடசாலையை முடித்து வரும் பதினெட்டு வயதினரைப் பயிற்றுவிப்பதிலும், வேறிடத்திற் பயின்று முதிர்ந்த வீரரை வாங்குவதே இலாபம் எனப் பயிற்றுநர் பலர் காண்கின்றனர். ஏழைப் பாடசாலை மாணவனுக்குத் திறந்ததாகச் சொல்லப்பட்ட மைதானத்து வாசலும் ஒடுங்கி வருகின்றது.

எதிர்வீரசிங்கம் காட்டும் பாடம்

இனி நம் தொடக்க வினாவுக்கு வருவோம். எதிர்வீரசிங்கத்தின் வாழ்வு எதை நிறுவுகின்றது? யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்று தன் மாணவனை ஒலிம்பிக் வரை உயர்த்தியதை முதலில் நிறுவுகின்றது. பாய்ச்சலும் படிப்பும் ஒருவரிடத்தே இசைந்து வாழலாம் என்பதை அடுத்து நிறுவுகின்றது. கலாநிதிப் பட்டம் வரை சென்றவர் வகுப்பறை வாசலாலும் நுழைந்தவர். அவரை எடுத்துக்காட்டி ஆட்சேர்ப்பை நியாயப்படுத்துவது, நீந்தத் தெரிந்து கரையேறியவனைக் காட்டி ஆற்றின் ஆழத்தை மறுப்பது போன்றதாகும். அதே ஆற்றில் இறங்கிய கெவின் ரொஸ்ஸுக்கு எவரும் நீந்தக் கற்பிக்கவில்லை.

அமெரிக்க முறையைச் சாடிவிட்டு, நமது முறை சிறந்தது எனத் தேறியிருப்பாரும் நம்முள் உளர். அவர்களுடனும் நமக்கு வழக்குண்டு. பாடவிதானத்துக்குப் புறம்பான துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்திற் சிறந்தோருக்கென நமது அனுமதி முறையிற் சிறியதொரு விசேட ஒதுக்கீடு உண்டு; உயர்தரப் பரீட்சையின் குறைந்தபட்சத் தகுதியை அவர்களும் பெற்றிருத்தல் வேண்டும். இது நேர்மையான விதி. ஆனால் அவ்வாறு வந்தவர் உள்ளே நுழைந்தபின் அவருக்காக நாம் செய்வது யாது? தேசிய அணிக்காக வெளிநாடு செல்லும் மாணவி திரும்பி வந்து, தவறிய பரீட்சைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகின்றாள். வருகைப் பதிவேட்டைச் சுட்டிக்காட்டி ‘படிக்க வந்தாயா, ஓட வந்தாயா?’ எனக் கேட்கும் விரிவுரையாளர் நம்மிடையே இல்லையா? இன்று நாட்டின் மெய்வல்லுநர் பலருக்குத் தொழிலும் பயிற்சியும் அளிப்பவை முப்படைகளின் விளையாட்டுக் கழகங்களே. பல்கலைக்கழகம் கைவிட்ட இடத்தைப் பாசறை நிரப்பியுள்ளது. அமெரிக்கர் வீரனின் கல்வியை அழித்து அவன் விளையாட்டை வளர்த்தனர். நாமோ கல்வியின் பெயரால் அவன் விளையாட்டை அழிக்கின்றோம். இரண்டிலும் ஒரு மனிதன் அரையாளாக்கப்படுகின்றான்.

எனவே நாம் வேண்டுவன சிலவே. முதலாவதாக, அனுமதி பற்றிய முடிவு கற்பிப்போரிடமே இருத்தல் வேண்டும். பயிற்றுநர் சான்று கூறலாம், தீர்ப்புக் கூறலாகாது. இரண்டாவதாக, பாடசாலையில் முறையான பயிற்சியும் கருவியும் இல்லாத மாவட்டங்களின் வீரரை, அவை நிறைந்த பாடசாலைகளின் வீரரோடு ஒரே தராசில் நிறுத்தலாகாது. மூன்றாவதாக, அனுமதி பெற்றவருக்கு மாற்றுப் பரீட்சை நாளும், பிந்திய வகுப்புக்களுக்கான துணைக் கற்பித்தலும் சலுகையாகவன்றி உரிமையாகவே வழங்கப்படல் வேண்டும். நான்காவதாக, காயமுற்று ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தவருக்குப் பட்டம் முடியும்வரை உதவி தொடருதல் வேண்டும். ஒருவர் ஆட முடியாத நாளிலும் அவரை மாணவராக ஏற்கும் பல்கலைக்கழகமே, ஆடிய நாளிலும் அவரை மாணவராக ஏற்றிருந்தது எனலாம்.

இக்கோரிக்கைகளுக்கு மில்லியன் டொலர்கள் வேண்டியதில்லை. பேரவையில் ஒரு தீர்மானமும், விரிவுரையாளரிடத்துச் சிறிது மனமாற்றமும், மாணவர் சங்கங்களின் இடையறாத வற்புறுத்தலுமே வேண்டும். முல்லைத்தீவிலோ பதுளையிலோ வெறுங்காலுடன் ஓடும் ஒரு மாணவி நாளை நமது வாசலில் வந்து நிற்பாள். அவளது கால்களை மட்டும் வரவேற்பதும் தவறு. அவளது கால்களை வெட்டிவிட்டு உள்ளே வரச் சொல்வதும் தவறு. முழு மனுஷியாக அவளை ஏற்கும் துணிவு நமக்கு உண்டா என்பதே இன்று நம்முன் உள்ள வினா.